இரண்டாவது ஜோடியை யார் தருவார்கள்? வெளிநாட்டு மருத்துவ முகாம் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மருத்துவர்களுக்கும், முகாம்களை நடத்தும் சங்கத்தாருக்கும், டிக்கெட்டுக்குக் கைக்காசு போட்டுக் கிளம்பும் தன்னார்வலர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு ஆர்த்தோட்டிஸ்ட், அதாவது கை, கால், முதுகைத் தாங்கிப் பிடிக்கும் சாதனங்களை அளவெடுத்துச் செய்பவன். வேலூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் இருபது வருடமாகக் காலைத் தாங்கும் காலிபர், ஸ்பிளிண்ட், முதுகு பெல்ட், மெத்தை ரப்பரில் வெட்டும் எம்.சி.ஆர். செருப்பு என்று செய்துகொண்டிருக்கிறேன். வருடத்துக்கு நான்கைந்து முறை எனக்கு ஒரே மாதிரி போன் வரும். "அண்ணா, அடுத்த மாசம் ஆப்பிரிக்காவுக்கு கேம்ப் போறோம். பழைய காலிபர், ஸ்பிளிண்ட் ஏதாவது கிடந்தா குடுங்க. ஒரு பெட்டி காலியா இருக்கு." கேட்பவர்கள் எல்லோரும் நல்ல மனிதர்கள். விடுப்பு எடுத்து, வீட்டாரை விட்டுவிட்டு, முன்பின் தெரியாதவர்களுக்காகப் போகிறவர்கள். அதனாலேயே முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல், பாதி பாதியாகப் பதில் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அது தப்பு. இப்போது எல்லோருக்கும் சேர்த்து முழுதாக எழுதிவிடுகிறேன்.

நானும் அப்படி ஒரு பெட்டியோடு போனவன்தான். சில வருடங்களுக்கு முன், நம் ஊர் மருத்துவர்களும் வெளிநாட்டில் வாழும் நம்மவர்கள் சிலரும் சேர்ந்த ஒரு குழுவோடு கிழக்கு உகாண்டாவில் ஒரு மாவட்ட மருத்துவமனைக்குப் போனேன். ஒன்பது நாள் முகாம். என் பெட்டியில் நாற்பத்தாறு சாதனங்கள் இருந்தன. அவற்றில் மிக அழகானவை, வளைபாதக் குழந்தைகளுக்கான ஷூக்கள். கிளப் ஃபுட் என்று மருத்துவமனைகளில் சொல்வார்களே, பிறக்கும்போதே பாதம் உள்பக்கமாகத் திரும்பி, குதிகால் மேலே ஏறியிருக்கும், அந்தக் குழந்தைகளுக்கு. ஒரு வெளிநாட்டு நிறுவனம் நன்கொடையாகக் கொடுத்தவை. உள்ளே மெத்தென்ற அட்டை, நடுவில் சொடுக்கினால் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பட்டை. நானே ஆசையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

ஐந்து மாதப் பெண் குழந்தை ஒன்றை அதன் தாய் கொண்டுவந்தார். அந்த ஊர் கிளினிக்கிலேயே மாவுக்கட்டு எல்லாம் முடிந்து, பாதம் நேராகியிருந்தது. அருமையான வேலை. இனி ஷூ மாட்ட வேண்டும், அவ்வளவுதான். பெட்டியில் இருந்ததிலேயே பொருந்திய ஒரு ஜோடியை மாட்டினேன். அந்தத் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். யாரோ படம் எடுத்தார்கள்.

பதினாறு மாதம் கழித்து அதே ஊருக்கு மறுபடி போனோம். அதே தாய் வந்தார். ஒரு துணி முடிச்சை அவிழ்த்து அந்த ஷூவை எடுத்து மேசைமேல் வைத்தார். கொஞ்சம்கூட அழுக்கில்லாமல் துடைத்து வைத்திருந்தார். குழந்தை நடந்தது, ஆனால் பாதத்தின் வெளி விளிம்பில் நடந்தது. விளிம்பில் தோல் தடித்துக் காய்த்திருந்தது. நான்கு மாதம் ஷூ பொருந்தியதாம். அப்புறம் கால் வளர்ந்துவிட்டது. வார் எட்டாமல் போனதும் துணியால் கட்டிப் பார்த்திருக்கிறார். குழந்தை அழுதது, கழற்றிவிட்டார். "நீங்கள் வந்தால் பெரியது தருவீர்கள் என்று காத்திருந்தேன்" என்று நர்ஸ் மொழிபெயர்த்துச் சொன்னார்.

அந்த வாக்கியத்தை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். இந்த மடலை எழுதுவதே அதனால்தான்.

இதில் நடந்தது என்ன என்பதை விளக்கிவிடுகிறேன். உங்களில் எலும்பு மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் பெட்டி கட்டுகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள் அல்ல. வளைபாதத்துக்கு இன்று உலகம் முழுக்கச் செய்யும் சிகிச்சை, இக்னாசியோ பொன்செட்டி என்ற மருத்துவர் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய முறை. ஸ்பெயினின் மெனோர்கா தீவில் 1914ல் பிறந்தவர், 2009ல் மறைந்தார். வாரம் ஒருமுறை பாதத்தைக் கையால் மெல்லத் திருப்பி, விரலிலிருந்து தொடை வரை மாவுக்கட்டு. ஐந்து, ஆறு கட்டுகளில் பாதம் நேராகிவிடும். பெரும்பாலான குழந்தைகளுக்குக் கடைசிக் கட்டுக்கு முன் குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணைச் சின்னக் கீறலில் வெட்டிவிடுவார்கள், அது தானாக நீண்டு வளர்ந்துகொள்ளும். பெரிய அறுவை எதுவும் கிடையாது.

ஆனால் சிகிச்சை அங்கே முடிவதில்லை, அங்கேதான் ஆர்த்தோட்டிஸ்டின் வேலை ஆரம்பிக்கிறது. கட்டு பிரித்த அன்றே பிரேஸ் போட வேண்டும். இரண்டு ஷூ, நடுவில் குழந்தையின் தோள் அகலத்துக்கு ஒரு கம்பி. சரிசெய்த பாதம் 60 முதல் 70 டிகிரி வெளியே திரும்பியிருக்க வேண்டும், மற்றது சாதாரணப் பாதமாக இருந்தால் அது 30 முதல் 40 டிகிரி. முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணி நேரம். அப்புறம் நான்கு அல்லது ஐந்து வயது வரை ராத்திரித் தூக்கத்திலும் பகல் தூக்கத்திலும். பிரேஸ் போடுவது நின்றால் பாதம் பழையபடி திரும்பும். வளைபாதம் திரும்ப வருவதற்கு முதல் காரணமே இதுதான்.

நான்கு வருடம். அந்த நான்கு வருடத்தில் ஒரு குழந்தைக்கு எத்தனை ஜோடி ஷூ தேவைப்படும் என்று வீட்டில் குழந்தை வளர்த்த யாரும் கணக்குப் போட்டுவிடலாம். முதல் வருடத்தில் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை அளவு மாறும். நான் கொடுத்தது ஒரு ஜோடி. அதோடு, அந்த ஊரில் யாராலும் செய்ய முடியாத ஜோடி. அந்தப் பிளாஸ்டிக் பட்டையின் சொடுக்கு உடைந்தால் மாற்றுக்குக் கடல் தாண்டிப் போக வேண்டும்.

இதில் என்னை மிகவும் வருத்தியது வேறு. அதே மருத்துவமனையின் பின்கட்டில் ஒரு பட்டறை இருந்தது. முதல் முறை போனபோது நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் முகாம் முன்கட்டிடத்தில் நடந்தது.

உகாண்டாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்காவில் பொன்செட்டி முறையை நாடு தழுவிய அளவில் முதலில் எடுத்துச் சென்ற நாடுகளில் அது ஒன்று. அங்கே பிறந்து கனடாவில் பணிபுரிந்த மருத்துவர் ஷஃபிக் பிரானி, இன்று உலகெங்கும் பல வளைபாத கிளினிக்குகளில் பாதத்தின் தீவிரத்தை அளக்கப் பயன்படும் பிரானி மதிப்பெண்ணுக்குச் சொந்தக்காரர், அதற்கு முன்னின்றவர்களில் ஒருவர். எலும்பு அறுவை மருத்துவர்கள் மிகக் குறைவாக இருந்த நாட்டில், ஆர்த்தோபீடிக் ஆஃபீசர் என்ற பணியில் இருப்பவர்களுக்கு மாவுக்கட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். சரி, பிரேஸுக்கு என்ன செய்வது? அதற்கு விடை கண்டவர் மிகீல் ஸ்டேன்பேக். கம்பாலாவில் ஊனமுற்ற குழந்தைகளுக்கான ஒரு மறுவாழ்வு இல்லத்தின் பட்டறையில், 1990களின் கடைசியில், உள்ளூரில் கிடைக்கும் பொருளை மட்டும் வைத்து ஒரு பிரேஸ் செய்தார். தோல் ஷூ, ஒட்டுப்பலகை அடிப்பாகம், வளைத்து வெல்டிங் செய்த இரும்புக் கம்பி. விரல் பக்கம் திறந்திருக்கும். குதிகால் பக்கம் ஒரு சின்ன ஓட்டை. ஏன் என்றால், குதிகால் ஷூவுக்குள் சரியாக இறங்கி உட்கார்ந்திருக்கிறதா என்று தாய் அதன் வழியே பார்த்துக்கொள்ளலாம். எனக்கு அந்த ஓட்டை மிகவும் பிடிக்கும். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் சரியா தப்பா என்பதை அது காட்டிக்கொடுத்துவிடும். ஸ்டேன்பேக் பிரேஸ் என்று அவர் பெயராலேயே அதை அழைக்கிறார்கள். தோல் தைக்கத் தெரிந்த ஒருவரும் வெல்டிங் தெரிந்த ஒருவரும் இருந்தால் எந்த ஊரிலும் செய்துவிடலாம். நம் நாட்டு வளைபாத கிளினிக்குகளிலும் இந்த மாதிரி பிரேஸைப் பார்க்கலாம்.

இரண்டாம் முறை போனபோது பின்கட்டுக்குப் போனேன். பட்டறைக்காரர் எழுந்து நின்று கை கொடுத்தார். சுவரில் அளவு வாரியாகக் கட்டைகள், அதாவது ஷூ தைக்கப் பயன்படும் மர அச்சுகள், வரிசையாகத் தொங்கின. மிகச் சின்னதிலிருந்து நான்கு வயதுப் பாதம் வரை எல்லா அளவும் இருந்தன. தோல்தான் இல்லை. இரண்டு மாதமாகத் தோல் வாங்கப் பணம் வரவில்லையாம். நாங்கள் அந்த முறை கொண்டுவந்த சாதனங்களுக்கு விமானத்தில் கூடுதல் எடைக்காக மட்டும் கட்டிய தொகையைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் பணத்தில் எத்தனை ஜோடி வரும் என்று ஒரு அட்டையில் கணக்குப் போட்டு என்னிடம் காட்டினார். நூற்றுக்கு மேல் வந்தது.

இன்னொன்றும் சொன்னார். நாங்கள் பளபளப்பான ஷூவைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு, சில தாய்மார்கள் அவருடைய தோல் ஷூ வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். வெளிநாட்டு டாக்டர் மறுபடி வரட்டும் என்று காத்திருந்தார்களாம். இலவசமாகக் கொடுத்தது மட்டுமல்ல, அங்கே நன்றாக நடந்துகொண்டிருந்த ஒரு வேலையின் மேல் இருந்த நம்பிக்கையையும் நாங்கள் தெரியாமல் குலைத்திருக்கிறோம்.

வளைபாதத்தைப் பற்றியே பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள். பெட்டியில் போகும் மற்ற சாதனங்களின் கதையும் இதுதான். ஏ.எஃப்.ஓ. என்று நாங்கள் சொல்லும் கணுக்கால் ஸ்பிளிண்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவர் காலில் மாவுக்கட்டு சுற்றி, அச்சு எடுத்து, அதில் மாவு ஊற்றி, எலும்பு துருத்தும் இடங்களில் மாவு சேர்த்து, அழுத்தம் தாங்கும் இடங்களில் சீவி, அப்புறம்தான் சூடான பாலிப்ரொப்பிலீன் ஷீட்டை அதன்மேல் போர்த்துவோம். அது அந்த ஒரு காலுக்கானது. என் அண்ணன் காலுக்குச் செய்ததை எனக்கே போட முடியாது. இன்னொருவர் போட்டால் கணுக்காலில் உரசும். உணர்ச்சி உள்ளவர் வலிக்கிறது என்று கழற்றி எறிவார். முதுகுத்தண்டுக் குறையோடு பிறந்த குழந்தைக்கும், தொழுநோய் அல்லது சர்க்கரை நோயால் உணர்ச்சி போன காலுக்கும் அந்த எச்சரிக்கை கிடையாது. புண் ஆனது தெரியவே பல நாள் ஆகும்.

அப்புறம், குளிர் நாடுகளில் செய்த ஏ.எஃப்.ஓ. எல்லாம் ஷூவுக்குள் போட்டு நடப்பதற்காகச் செய்தவை. வெறுங்காலோடும் ரப்பர் செருப்போடும் நடக்கும் ஊரில், அதுவும் மழைக்காலச் செம்மண்ணில், அதைப் போட்டால் வழுக்கி விழுவார்கள். தரையில் உட்கார்ந்து எழ முடியாது. வெல்க்ரோவில் புழுதி ஏறி ஆறே மாதத்தில் பிடிக்காமல் போகும்.

போலியோ காலிபர் கேட்பவர்களும் உண்டு. இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி 2011 ஜனவரியில் கண்டறியப்பட்டார். அதற்கு முன் செய்த காலிபர்கள் பல பட்டறைகளின் பரணில் கிடக்கின்றன, உண்மைதான். ஆனால் நீளக் காலிபரில் முட்டி மூட்டு சரியாக முட்டிக்கு நேராக வர வேண்டும். ஒரு அங்குலம் தள்ளி இருந்தால் உட்காரும்போது தொடையைக் கவ்வும். அதனால் முழுக் காலிபரைத் தராதீர்கள். அதன் மூட்டு, பக்கக் கம்பி, பக்கிள் இவற்றைக் கழற்றித் தனித்தனியாகக் கொண்டுபோனால் அங்குள்ள பட்டறைக்குத் தங்கம் மாதிரி. பரணில் உள்ளவற்றை நானே கழற்றித் தருகிறேன்.

நம்மைவிட இதை நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் யாரும் இல்லை என்று எனக்குத் தோன்றும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் சாலையோரம் குவிந்துகிடந்த பழைய துணிகளை நம்மில் பலர் நேரில் பார்த்திருக்கிறோம். மீனவப் பெண்கள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. வீடு இழந்தவர்களுக்கு அதுவரை இல்லாத ஒரு அவமானத்தை அந்தக் குவியல் கொடுத்தது. அனுப்பியவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை.

நல்ல உதாரணமும் நம் மண்ணிலேயே இருக்கிறது. பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946ல் வேலூருக்கு வந்தார். தொழுநோயாளிகளின் பாதப்புண்கள் கிருமியால் மட்டும் வருபவை அல்ல, உணர்ச்சியில்லாத பாதம் திரும்பத் திரும்ப அழுந்துவதால் வருபவை என்று விளக்கியவர். தீர்வாகச் சீமை ஷூக்களைக் கப்பலில் வரவழைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கலாம். வேலூரிலும் பக்கத்துக் காரிகிரியிலும் அந்தக் காலத்தில் வேலை செய்தவர்கள், நம் வெயிலுக்கும் நம் நடைக்கும் ஏற்ற செருப்புக்கு எந்த ரப்பர் தேவை என்று தேடினார்கள். நுண்ணிய காற்றுக் குமிழிகள் உள்ள மெத்தை ரப்பர், அதுதான் எம்.சி.ஆர். பார்வைக்குச் சாதாரணச் செருப்பு, போட்டிருப்பவர் நோயாளி என்று தெருவில் யாருக்கும் தெரியாது. இன்றைக்கும் என் பட்டறையில் சர்க்கரை நோயாளிகளுக்கு அதைத்தான் வெட்டிக்கொண்டிருக்கிறேன். வார் அறுந்தால் தெருமுனையில் செருப்பு தைப்பவரே தைத்துக் கொடுத்துவிடுவார்.

எப்போதுமே ரெடிமேட் சாதனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நிலநடுக்கம் மாதிரி பேரிடரில் முதல் சில வாரங்களுக்கு அளவு வாரியான முறிவு ஸ்பிளிண்ட்டுகளும் கழுத்துக் காலர்களும் உயிர் காக்கும். அவை சில வாரங்களுக்கான சாதனங்கள், வளர்ச்சியோடு சம்பந்தம் இல்லாதவை. தீக்காய முகாம்களுக்கு, வெந்நீரில் இளகும் தெர்மோபிளாஸ்டிக் ஷீட் கொண்டுபோங்கள். நோயாளியின் கைமேலேயே வைத்து வளைத்துவிடலாம், ஆனால் அதை வளைக்கத் தெரிந்தவர் குழுவில் இருக்க வேண்டும், அவர் அங்குள்ள ஒருவருக்கு அதைக் கற்றுக்கொடுத்துவிட்டு வர வேண்டும். ஷீட் மட்டும் போனால் அலமாரியில்தான் இருக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2017ல் செயற்கை உறுப்பு, ஆர்த்தோசிஸ் (அதாவது நான் செய்யும் மாதிரித் தாங்கு சாதனங்கள்) சேவைகளுக்கென்று தரநிலைகள் வெளியிட்டது. உலகில் மூன்றரை முதல் நான்கு கோடிப் பேருக்கு இந்தச் சேவை தேவை, பத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கிறது என்கிறார்கள். நாம் ஏற்றும் பெட்டிகளால் இந்தப் பள்ளம் நிரம்பாது. அந்தந்த ஊரில் ஒரு பட்டறையும் அதில் சம்பளம் வாங்கும் இரண்டு பேரும் இருந்தால்தான் நிரம்பும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். கிளம்ப மூன்று மாதம் முன்பே, போகிற மருத்துவமனையில் பட்டறை இருக்கிறதா, இல்லாவிட்டால் பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டு எழுதுங்கள். இயக்குநருக்கு எழுதினால் "எதுவானாலும் அனுப்புங்கள், நன்றி" என்றுதான் பதில் வரும், யாரும் அப்படித்தான் எழுதுவார்கள். பட்டறையில் உட்கார்ந்திருப்பவரிடம் கேளுங்கள். அவரிடம் ஒரு பட்டியல் தயாராக இருக்கும். எனக்கு அந்த உகாண்டாப் பட்டறைக்காரர், கணக்குப் போட்ட அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்: தோல், பக்கிள், மெழுகு நூல், மாவுக்கட்டுச் சுருள், வெல்க்ரோ. இதில் தோலையும் நூலையும் அங்கேயே பணம் கொடுத்து வாங்குங்கள். பெட்டியில் ஏற்றவே வேண்டியதில்லை. வெல்க்ரோவும் பக்கிளும் எடை குறைவு, அதைக் கொண்டுபோகலாம். இயந்திரம் ஏதாவது தர நினைத்தால் அந்த நாட்டு மின்சாரத்தைப் பாருங்கள். உகாண்டாவில் நம் ஊர் மாதிரி 230–240 வோல்ட். 110 வோல்ட்டில் ஓடும் அமெரிக்க கிரைண்டரை நேரே மாட்டினால் அன்றே எரிந்துவிடும். அந்தப் பட்டறை மூலையில் அப்படி ஒன்று கருகிப்போய்க் கிடந்தது.

முகாமில் ஒரு குழந்தைக்கு பிரேஸ் கொடுப்பதாக இருந்தால், நான்கு வயது வரைக்குமான எல்லா ஜோடிக்கும் உள்ளூர்ப் பட்டறையில் பணம் கட்டிவிட்டுக் கொடுங்கள். அதற்குப் பணம் போதவில்லை என்றால் குறைவான குழந்தைகளுக்குக் கொடுங்கள். குழந்தையின் பெயரை அந்த கிளினிக்கின் நோட்டில் எழுதாமல் ஊர் திரும்பாதீர்கள். எங்கள் முதல் முகாமின் பெயர்ப் பட்டியல் என் லேப்டாப்பில் சென்னைக்கு வந்துவிட்டது. அந்தப் பெண் குழந்தையைத் தேடிப் போக அங்கே யாரிடமும் ஒரு வரி இல்லை.

உங்கள் அறிக்கைகளையும் கொஞ்சம் மாற்றி எழுதிப் பாருங்கள். எத்தனை சாதனம் வழங்கினோம் என்ற எண்ணுக்குக் கீழே, போன வருடம் வழங்கியதில் எத்தனை இன்னும் காலில் இருக்கிறது என்று ஒரு வரி சேருங்கள். நன்கொடை தருபவர்கள் முகம் சுளிப்பார்கள் என்ற பயம் உங்களுக்கு இருப்பது தெரியும். நான் பேசிப் பார்த்த வரையில், தோலுக்குப் பணம் கேட்டால் எதற்கு என்று இரண்டு கேள்வி கேட்டுவிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்.

அந்தக் குழந்தைக்கு அன்றைக்கே மறுபடி மாவுக்கட்டு ஆரம்பித்தார்கள். இருபத்தொரு மாதக் குழந்தை, நடக்கக் கற்றுக்கொண்ட கால், கட்டுக்குள் அடங்க மறுத்து அழுதது. ஐந்து கட்டு ஆனது. அப்புறம் பின்கட்டில் தைத்த தோல் ஷூ. அடுத்தடுத்த அளவுகளுக்கும் பணம் கட்டியாகிவிட்டது, பட்டறைக்காரர் எப்போதாவது வாட்ஸ்அப்பில் படம் அனுப்புவார். போன மாதம் வந்த படத்தில் முகம் இல்லை, கால் மட்டும்தான். குதிகால் ஓட்டை வழியே குதிகால் தெரிந்தது.

அடுத்து கிளம்பும் குழு எதுவாக இருந்தாலும், ஒரு சனிக்கிழமை பட்டறைக்கு வாருங்கள். அளவெடுப்பதையும், பட்டறைக்கு எழுதிக் கேட்க வேண்டிய கேள்விகளையும் ஒரு பகலில் சொல்லித் தருகிறேன். பக்கிள் ஒரு டப்பா தயாராக எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
வேலூரிலிருந்து ஒரு ஆர்த்தோட்டிஸ்ட்